கணினி கேள்வி-பதில்: கத்துகிற பழைய டெஸ்க்டாப்பும் கையைக் கடிக்காத கூலரும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரைச்சலைப் பற்றியவை. முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டால் மற்றவர்களுக்கும் பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது இன்டெல் ஐ5-3470 ப்ராசஸர் உள்ள பழைய டெஸ்க்டாப். எஸ்எஸ்டி போட்டபின் என் வேலைக்கு அதுவே போதுமாக இருக்கிறது. இரவு நேரத்தில்தான் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பேன். பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே விசிறி கத்த ஆரம்பித்துவிடுகிறது. ப்ராசஸருடன் வந்த கூலர்தான் இன்னும் இருக்கிறது. அதிகச் செலவில்லாமல், சத்தம் போடாத கூலர் ஒன்று சொல்லுங்களேன். வாட்டர் கூலர்தான் நல்லது என்கிறான் தம்பி. (ஒரு வாசகி)

பதில்: வாட்டர் கூலரை முதலில் ஓரங்கட்டிவிடுவோம். உங்களுடையது 2012-இல் வந்த 77 வாட் ப்ராசஸர். அந்த 77 வாட் சூட்டை வெளியேற்ற பம்ப், குழாய், ரேடியேட்டர் என்று ஒரு பட்டாளமே வேண்டியதில்லை. விசிறிச் சத்தம் போதாதென்று பம்பின் ரீங்காரமும் சேர்ந்துகொள்ளும். நடுராத்திரியில் அது இன்னும் நன்றாகக் கேட்கும். தம்பியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், விளக்கு எரிகிற பொருள் மேல் யாருக்கும் ஒரு ஆசை வரத்தான் செய்யும்.

அப்புறம், கடைக்குப் போகும் முன் ஒரு சின்ன துப்பறியும் வேலை இருக்கிறது. கத்துவது ப்ராசஸர் விசிறிதானா? பெட்டிக்குள் பவர் சப்ளையில் ஒரு விசிறி, பின்பக்கம் ஒன்று, கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதில் ஒன்று என்று பலதும் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை ஒவ்வொரு விசிறிக்கும் பக்கத்தில் கொண்டுபோங்கள். தலைமுடியும் துணியும் உள்ளே மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த விசிறி குற்றவாளி என்பது அங்கேயே தெரிந்துவிடும். ‘கூலர் மாற்றித் தாருங்கள்’ என்று என்னிடம் வருகிற பெட்டிகளில் பவர் சப்ளை விசிறியால் அலறுகிறவையும் உண்டு. அதற்குக் கூலர் வாங்கி என்ன பயன்?

ப்ராசஸர் விசிறிதான் என்று உறுதியானால், ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு இலவச மென்பொருளைப் போட்டு வெப்பநிலையையும் விசிறியின் வேகத்தையும் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 டிகிரியை ஒட்டியும், வேலை கொடுத்தால் 70 வரையும் போனால் கூலர் தன் கடமையைச் செய்கிறது, விசிறிதான் தேவையில்லாமல் அவசரப்படுகிறது என்று அர்த்தம். சும்மா இருக்கும்போதே 60-ஐத் தாண்டினால் தூசி, காய்ந்துபோன பேஸ்ட் (ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவும் பசை), சரியாக உட்காராத கூலர் என்று மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

தூசியிலிருந்து தொடங்குங்கள். மேலே இருக்கும் விசிறியை எடுத்துப் பார்த்தால், அதற்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, விசிறியைக் கழற்றினால்தான் தெரியும். விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று அந்தப் படலத்தைத் தாண்டிப் போகாது. தூரிகையால் எடுத்துவிடுங்கள். புளோவர் வைத்து ஊதினால் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

அடுத்தது அந்த நான்கு பிளாஸ்டிக் ஊசிகள். இன்டெல் கூலரின் நான்கு மூலைகளிலும் கறுப்புத் தலையோடு இருக்குமே, அவைதான். தலையில் ஒரு அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டும் திசையில் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் ஊசி விடுபடும். மறுபடி மாட்டும்போது அதை எதிர்த்திசையில் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒரு மூலையும் அதற்குக் குறுக்கே எதிர்மூலையுமாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் ‘டிக்’ என்று சத்தம் கொடுக்கும். மதர்போர்டின் பின்பக்கம் பார்க்க முடிந்தால், வெள்ளை பிளாஸ்டிக் நுனி பிளந்து, அதன் நடுவில் கறுப்பு ஊசி வந்து நிற்பது தெரியும். நான்கில் ஒன்று இறங்காவிட்டாலும் போச்சு. கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், சூடு ஏறும், விசிறி கத்தும். கூலரே சரியில்லை என்று பழி போடப்பட்ட எத்தனையோ பெட்டிகளில் நான் பார்த்தது இந்த ஒற்றை ஊசியைத்தான்.

கூலரை எடுத்த கையோடு பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிது வையுங்கள். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 மாதிரி மின்சாரம் கடத்தாத சாதாரண பேஸ்ட் போதும்.

இன்னொரு விஷயம். உங்கள் ப்ராசஸரின் தலைமுறையில் இன்டெல் ஒரு சிக்கனம் செய்தது. சில்லுக்கும் மேலே தெரிகிற உலோக மூடிக்கும் நடுவில், முந்தைய தலைமுறையில் உலோகத்தால் பற்றவைத்திருந்தார்கள். இதில் வெறும் பேஸ்ட்தான். அதனால் எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் வேலை நேரத்தில் வெப்பநிலை கொஞ்சம் மேலேதான் நிற்கும். 70 என்று பார்த்துப் பதற வேண்டாம். 100-ஐ ஒட்டி வந்தால்தான் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

காசில்லாமல் செய்யக்கூடியவை இன்னும் இரண்டு இருக்கின்றன. பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) போய் விசிறிக் கட்டுப்பாடு இயங்குகிறதா என்று பாருங்கள். ஏசுஸ் போர்டில் கியூ-ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்ற பெயரில் இருக்கும். ‘சைலன்ட்’ என்று ஒரு தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இரண்டாவது, விண்டோஸ் பவர் பிளானில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலை 100 சதவீதம் என்று இருக்கும். அதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதத்தில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் 100-க்குக் கீழே இறங்கியதும் டர்போ பூஸ்ட் நின்றுவிடுகிறது. உங்கள் சில்லு 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை தாவாமல் 3.2-லேயே நிற்கும். மொழிபெயர்ப்பு வேலையில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. காதுக்குத் தெரியும்.

இதெல்லாம் செய்தும் கத்தினால், சரி, கூலர் வாங்கிவிடலாம். எதைப் பார்த்து வாங்குவது?

விசிறியின் அளவைப் பாருங்கள். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் கேட்கும். ஆக, மெதுவாகச் சுற்றியும் போதுமான காற்றைத் தருகிற பெரிய விசிறிதான் அமைதிக்கு வழி. உங்கள் பழைய கூலரின் விசிறி சூடு ஏறினால் 2000 சுற்றுக்கு மேல் ஓடும். 120 மிமீ விசிறி உள்ள, கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும் டவர் கூலர் இதே 77 வாட்டை நிமிடத்துக்கு 800, 900 சுற்றில் சமாளித்துவிடும். அதில் இருக்கும் செம்புக் குழாய்களுக்குள் கொஞ்சம் நீர்மம் இருக்கிறது. ப்ராசஸர் பக்கம் அது ஆவியாகி மேலே போய், தகடுகளிடம் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பக் குளிர்ந்து கீழே வரும். விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி பொருத்தம். உங்கள் போர்டில் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் வகை எல்ஜிஏ 1155. இந்தப் பெயர் புதிய கூலரின் பெட்டியில் இல்லையே என்று கலங்காதீர்கள். 1156, 1155, 1150, 1151, 1200 எல்லாவற்றிலும் கூலர் மாட்டும் துளைகள் 75 மிமீ சதுரத்தில்தான் இருக்கின்றன. பெட்டியில் ‘115எக்ஸ்’ அல்லது ‘1200’ என்று இருந்தால் உங்களுக்குச் சேரும். 1700 என்று மட்டும் போட்டிருந்தால் சேராது, அதன் துளைகள் 78 மிமீ.

உயரம் அடுத்தது. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஸ்கேலை மதர்போர்டில் நிறுத்தி, பக்கத் தகடு வரும் இடம் வரை அளந்து, அதில் சுமார் 8 மிமீ கழியுங்கள். அதுதான் உங்களுக்குள்ள இடம். கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 ஈவோ 159 மிமீ, டீப்கூல் ஏஜி400 150 மிமீ. ஒல்லியான கேஸ் என்றால் இரண்டும் உள்ளே போகாது. அப்போது 92 மிமீ விசிறி உள்ள ஆர்க்டிக் ஃப்ரீசர் 7 எக்ஸ் மாதிரி ஒன்றைப் பாருங்கள், சுமார் 133 மிமீ உயரம்தான். உங்கள் 77 வாட்டுக்கு அதுவே தாராளம். ராம் குச்சிகளுக்கு மேல் விசிறி இடிக்குமா என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இடம் இருக்கும் பட்சத்தில் 120 மிமீ விசிறி, ஒரே கோபுரம், நான்கு செம்புக் குழாய் என்கிற வகையில் விலை குறைவானதை எடுங்கள். 1155-க்கும் 1700-க்கும் இரண்டுக்குமே பிடிமானம் தருகிற மாடலாக இருந்தால் இன்னும் நல்லது, அடுத்த கணினிக்கும் அதே கூலரைக் கொண்டுபோகலாம். இரட்டைக் கோபுரம், இரட்டை விசிறி எல்லாம் உங்கள் சில்லுக்கு வீண். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். போர்டுக்குப் பின்னால் தகடு வைத்துத் திருகும் வகையா, ஊசி வகையா? பின் தகடு வகை உறுதியானது. ஆனால் உங்கள் கேஸில் மதர்போர்டுக்குப் பின்னால் திறப்பு இல்லையென்றால் போர்டையே வெளியே எடுக்க வேண்டிவரும். அடுத்த நாள் காலை வேலையை ஒப்படைக்க வேண்டிய இரவில் அதை ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: நான் இன்னும் கோர் 2 குவாட் க்யூ6600 வைத்திருக்கிறேன். ‘இன்டெல் கூலர் எல்லாம் ஒன்றுதான்’ என்று கடைக்காரர் ஒன்றைக் கொடுத்தார். துளையில் உட்காரவே மாட்டேன் என்கிறது. (ஓய்வுபெற்ற வாசகர்)

பதில்: உட்காராது. உங்கள் எல்ஜிஏ 775 போர்டில் துளைகள் 72 மிமீ சதுரம். அவர் கொடுத்தது 75 மிமீ. மூன்று மிமீதானே என்று அழுத்திப் பார்த்தால் போர்டு வளையும், ஊசி உடையும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியிலேயே 775 என்று எழுதியிருக்கும் மாடல்தான் வேண்டும். புதிதாக வருகிற கூலர்கள் பலவற்றில் இந்த ஆதரவு இல்லை. பழையது கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். கூலரில் தேய்ந்துபோவது விசிறி மட்டும்தான், தகடும் குழாயும் அப்படியே இருக்கும். விசிறியைப் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். க்யூ6600 முதலில் வந்தபோது 105 வாட், பின்னால் வந்த ஜி0 பதிப்பு 95 வாட். எதுவாக இருந்தாலும் மெல்லிய அலுமினியக் கூலர் பத்தாது. இன்டெலின் பழைய கூலர்களிலேயே அடியில் செம்பு வட்டம் தெரிகிற உயரமான வகை ஒன்று உண்டு. அது கிடைத்தால் வெறும் அலுமினியத்துக்கு அது எவ்வளவோ மேல்.

கேள்வி: ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350. கேம் ஆரம்பித்தால் அறையில் யாரும் பேச முடியவில்லை. பெரிய டவர் கூலர் வாங்கலாமா? (கல்லூரி மாணவர்)

பதில்: அந்தப் பழைய கூலரின் கீச்சுக்குரல் எனக்கும் பழக்கம்தான். 125 வாட் சில்லின் மேல் 70 மிமீ விசிறியை வைத்தால் அது கீச்சிடாமல் என்ன செய்யும்? டவர் வாங்கலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. டவர் கூலர் காற்றைப் பின்பக்கம் தள்ளும். பழைய கூலர் காற்றைக் கீழ்நோக்கி அடித்ததால், ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதிக்கும் காற்று கிடைத்துக்கொண்டிருந்தது. உங்கள் போர்டில் அந்தப் பகுதிமேல் உலோகத் தகடு எதுவும் இல்லையென்றால், டவர் போட்டபின் ப்ராசஸர் குளிர்ச்சியாகவும் விஆர்எம் கொதித்துக்கொண்டும் இருக்கும். கேம் நடுவில் வேகம் திடீரென்று விழும். அப்படிப்பட்ட போர்டுக்குக் கீழ்நோக்கி ஊதுகிற கூலரே நல்லது. ஏஎம்டியின் பிந்தைய ரைசன் ப்ராசஸர்களுடன் வந்த ரெய்த் ப்ரிஸம் கூலர் உங்கள் ஏஎம்3+ போர்டின் பிளாஸ்டிக் கொக்கிகளிலேயே மாட்டும். வேறு யாராவது கழற்றிப் போட்டது கிடைத்தால் மலிவாகவும் முடியும். ரெய்த் ஸ்டெல்த் வேண்டாம், அது திருகு வகை. 125 வாட்டையும் தாங்காது.

பழையதைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். ஏஎம்டியில் பேஸ்ட் இறுகிப்போயிருந்தால் ப்ராசஸரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், கால்கள் வளையும். ஐந்து பத்து நிமிடம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பை எடுத்தபின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி தளர்ந்தபின் தூக்குங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பிராண்டட் சிறிய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கினேன். கூலர் மாற்றலாம் என்று பார்த்தால் விசிறி ஒயரில் ஐந்து ஊசி இருக்கிறது. (வாசகர்)

பதில்: விட்டுவிடுங்கள். இந்த வகைப் பெட்டிகளில் கூலர் போர்டில் மாட்டாமல் நேரே கேஸிலேயே திருகப்பட்டிருக்கும், விசிறி இணைப்பியும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த வகையாக இருக்கும். வேறு விசிறி மாட்டினால், தொடங்கும்போதெல்லாம் விசிறி பழுது என்று சொல்லி ஒரு விசையை அழுத்தச் சொல்லும். மாற்று இணைப்பிகள் கிடைக்கின்றன, ஆனால் அந்தத் தலைவலிக்கு ஏற்ற பலன் இல்லை. தூசி தட்டி, பேஸ்ட் மாற்றி, மேலே சொன்ன 99 சதவீத வேலையைச் செய்யுங்கள். பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும்.

கேள்வி: ஒரு பெட்டியில் 22 டெசிபல், இன்னொன்றில் 28. முதலாவதைத்தானே வாங்க வேண்டும்?

பதில்: அந்த எண்ணை நம்பி நான் எதையும் வாங்கியதில்லை. எந்தத் தூரத்தில், எந்த வேகத்தில், எப்படிப்பட்ட அறையில் அளந்தார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விசிறியின் அளவையும், எவ்வளவு குறைந்த வேகத்தில் ஓட முடியும் என்பதையும் பாருங்கள்.

கேள்வி: காலையில் போட்டதும் பத்து நிமிடம் ‘கர்ர்ர்’ என்று சத்தம். அப்புறம் தானாக நின்றுவிடுகிறது.

பதில்: இது சூட்டுப் பிரச்சினை அல்ல, விசிறியின் பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது. சூடேறியதும் மிச்சமிருக்கும் எண்ணெய் இளகுவதால் அடங்குகிறது. ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு எண்ணெய் விடலாம், கொஞ்ச காலம் ஓடும். ஆனால் விசிறியை மாற்றுவதே மேல். கூலரை மாற்ற வேண்டாம், விசிறி மட்டும் போதும். ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தெர்மல் பேஸ்ட்டுக்குப் பதில் பற்பசை வைக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

பதில்: முதல் சில மணி நேரம் வேலை செய்யும். வீடியோ எடுக்க அது போதும். அப்புறம் காய்ந்து பொருக்காகிவிடும். தெர்மல் பேஸ்ட்டே வையுங்கள், பட்டாணி அளவு நடுவில் ஒரு சொட்டு. கத்தி எடுத்துத் தடவத் தேவையில்லை, கூலரின் அழுத்தத்திலேயே அது பரவிக்கொள்ளும்.

கேள்வி: கூலரை வைத்துக்கொண்டு விசிறியை மட்டும் மாற்றினேன். புது விசிறி எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது. பயாஸில் ‘சைலன்ட்’ போட்டும் கேட்கவில்லை.

பதில்: புது விசிறியின் ஒயரில் மூன்று துளைதான் இருக்கும், எண்ணிப் பாருங்கள். போர்டில் நான்கு ஊசி இருக்கிறது, நான்காவதில்தான் பிடபிள்யூஎம் என்கிற வேகக் கட்டளை வருகிறது. மூன்று துளை விசிறிக்கு அந்தக் கட்டளையே போய்ச் சேராது. 12 வோல்ட் முழுதாகக் கிடைப்பதால் முழு வேகத்தில் ஓடுகிறது. பயாஸில் ‘டிசி’ அல்லது ‘வோல்டேஜ்’ என்று ஒரு தேர்வு இருந்தால் அதற்கு மாற்றுங்கள், வோல்ட்டைக் குறைத்து வேகத்தை அடக்கிவிடும். பல பழைய போர்டுகளில் அந்த வசதி இருக்காது. அப்போது நான்கு துளை விசிறியாக மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது வேகத்தைக் குறைக்கும் மின்தடை வைத்த சின்ன இணைப்பு ஒயரை நடுவில் போடுங்கள். ஒயர் போட்டபின் வேலை கொடுத்து வெப்பநிலையை ஒரு முறை பார்த்துவிடுங்கள். விசிறி ரொம்ப மெதுவாகிவிட்டால் சில போர்டுகள் தொடங்கும்போது விசிறிப் பிழை என்று நின்று எஃப்1 கேட்கும். விசிறியின் குறைந்தபட்ச வேக வரம்பு பயாஸில் 600 என்று இருந்தால் 200-க்கு இறக்கிவிடுங்கள், அந்தத் தொந்தரவும் நின்றுவிடும்.